திரும்பி வருவதாக எழுதிக் கொடுத்த புத்தகம்

கார்னே என்பதை வண்டியின் பாஸ்போர்ட் என்றுதான் பைக்கில் தேசம் தாண்டுகிறவர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் செய்யாத ஒரு வேலையை அது செய்கிறது. பாஸ்போர்ட், ஆள் யார் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆள் திரும்பாவிட்டால் அதன் தலையில் ஒன்றும் விடியாது. கார்னே அப்படியில்லை. இந்த வண்டி உங்கள் நாட்டில் தங்காது, கைமாறாது, எந்த எண்ணோடு உள்ளே வந்ததோ அதே எண்ணோடு வெளியே போகும், தவறினால் இறக்குமதி வரியை நாங்கள் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு ஜாமீன் பத்திரம்.

எல்லையில் உட்கார்ந்திருக்கும் சுங்க அதிகாரிக்கு, ஓட்டி வந்தவர் பயணி, அவருக்குக் கீழே இருக்கும் வண்டி சரக்கு. பயணியைக் குடிவரவுக் கவுன்டர் பார்த்துக்கொள்ளும். சரக்குக்கு வரி உண்டு. பழைய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் இந்தியாவிலேயே அதன் மதிப்பில் நூறு சதவீதத்துக்கு மேல் வரி போடுவார்கள். ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லி உள்ளே வந்து, வண்டியை விற்றுவிட்டு விமானத்தில் ஊர் திரும்புகிறவன் அந்த வரியை ஏய்த்தவன் ஆகிறான். அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாகப் பிறந்ததுதான் இந்தப் புத்தகம்.

ஏ4 தாள் அளவு. மஞ்சளா ஆரஞ்சா என்று அடித்துச் சொல்ல முடியாத நிறத்தில் அட்டை. உள்ளே ஆங்கிலமும் பிரெஞ்சும். 5 தாள், 10 தாள், 25 தாள் என்று மூன்று கனத்தில் கிடைக்கும். எத்தனை நாடு போகிறோமோ அதைப் பொறுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆயுள் ஒரு வருடம். ஒவ்வொரு தாளும் குறுக்கே மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒரு நாட்டுக்குள் நுழையும்போது அந்த நாட்டுச் சுங்கம் கீழ்ப்பகுதியைக் கிழித்து வைத்துக்கொள்ளும். வெளியேறும்போது நடுப்பகுதி போகும். மேலே இருக்கும் அடிக்கட்டை மட்டும் புத்தகத்தோடு தங்கும். அதில் நுழைந்த முத்திரை ஒன்று, வெளியேறிய முத்திரை ஒன்று. இரண்டும் விழுந்திருந்தால் அந்த நாட்டோடு கணக்குத் தீர்ந்தது. ஒன்று மட்டும் இருந்தால் வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது என்று பொருள். உண்மையில் அது உங்கள் வீட்டு வாசலில் நின்றாலும் சரி.

வண்டியைப் பற்றி அந்தப் புத்தகம் கேட்கும் கேள்விகள் பழைய காலத்து மோட்டார் காரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சேஸிஸ் எண், எஞ்சின் எண், சிலிண்டர் எத்தனை, நிறம், எடை, மதிப்பு. அதோடு மெத்தை உறை எதனால் ஆனது, ரேடியோ உண்டா, உபரி டயர் எத்தனை. மோட்டார் சைக்கிள்காரர்கள் இந்தக் கட்டங்களில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.

மோட்டார் வண்டிகள் சாலைக்கு வந்த புதிதில் ஒவ்வொரு எல்லையிலும் வரிக்குச் சமமான ரொக்கத்தை வைப்பாகக் கட்டவேண்டும். வெளியேறும்போது ரசீதைக் காட்டித் திரும்பப் பெறவேண்டும். ஐரோப்பாவில் காலையில் ஒரு நாடு, மாலையில் இன்னொரு நாடு என்று ஓடுகிறவர்களுக்கு இது பெரிய இம்சை. அங்கிருந்த மோட்டார் சங்கங்கள் நடுவில் வந்தன. 1898-இல் லக்சம்பர்கில் ஒன்றுகூடிய சுற்றுலாச் சங்கங்களின் கூட்டமைப்பும், 1904-இல் பாரிஸில் உருவான மோட்டார் சங்கங்களின் கூட்டமைப்பும், எங்கள் உறுப்பினருக்கு நாங்கள் பொறுப்பு என்று அரசாங்கங்களோடு பேசின. 1954-இல் நியூயார்க்கில், சொந்த வண்டிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோவது பற்றி ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. புத்தகத்துக்குச் சட்ட பலம் வந்தது. விசித்திரம் என்னவென்றால், யாருக்காக இது உருவானதோ அந்த ஐரோப்பியர்கள் தங்களுக்குள் இதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. ஈரான், பாகிஸ்தான், இந்தியா, எகிப்து என்று வரி கனமாக உள்ள நாடுகளில்தான் இன்று இதற்கு மரியாதை. பிரிட்டனிலிருந்து கிளம்புகிறவர்களிடம் ஒரு காலத்தில் எகிப்துக்கு வண்டி மதிப்பைப் போல எட்டு மடங்கும் ஈரானுக்கு ஐந்து மடங்கும் ஈடு கேட்டார்கள்.

இந்தக் கட்டுரையில் வரும் புத்தகம் மும்பையில் உள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கத்தில் பிறந்தது. நாங்கள் நால்வர் சென்னையிலிருந்து மணிப்பூர், மியான்மர், தாய்லாந்து வழியாக மலேசியா வரை போவதாகத் திட்டம். நான்கு வண்டி, நான்கு புத்தகம். அதில் வங்கியில் வேலை பார்க்கும் நண்பனின் புத்தகத்துக்குத்தான் சொல்ல ஏதாவது வாழ்க்கை இருந்தது. மற்ற மூன்றும் முத்திரை வாங்கின, வீடு திரும்பின.

சங்கம் சும்மா ஜாமீன் நிற்காது. வண்டி திரும்பாவிட்டால் வெளிநாட்டுச் சுங்கம் அதனிடம்தான் வரும். ஆகவே அது நம்மிடம் வங்கி உத்தரவாதம் கேட்கும். வங்கி உத்தரவாதம் கொடுக்க வங்கி டெபாசிட் கேட்கும். நண்பன் அப்போதுதான் வீட்டுக் கடன் எடுத்திருந்தான், கையில் இருந்தது பயணச் செலவுக்கே சரியாகப் போயிற்று. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற அவன் அப்பாவின் பெயரில் ஒரு எஃப்.டி. இருந்தது. யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லி வளர்ந்த தலைமுறை அவர். சேட்டுக் கடையில் தம்பிக்காகப் போட்ட ஒரு கையெழுத்தால் நிலம் போன கதை அந்தக் குடும்பத்தில் உண்டு. மகனுக்காக என்றால்கூட யோசித்திருப்பார். மகனின் பைக்குக்காக என்றதும் சிரித்துவிட்டார்.

“ஆளுக்கு இல்ல, வண்டிக்கா? அப்போ ஆள் வரலன்னா பரவாயில்லையா?”

“வண்டி வந்தாப் போதும்பா” என்றான் இவன்.

கையெழுத்துப் போட்டார். எஃப்.டி. ரசீதின் பின்பக்கம் வங்கி தன் பிடிமானத்தைக் குறித்து முத்திரை வைத்தது. இப்படியாக, அந்தப் புத்தகம் எந்த நாட்டையும் பார்ப்பதற்கு முன்பே மாம்பலத்தில் ஒருவரின் சேமிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது.

சென்னையிலிருந்து இம்பால் வரை அதற்கு வேலையில்லை. டேங்க் மேல் மாட்டும் பைக்குள், பிளாஸ்டிக் உறையில் தூங்கியது. நேபாளத்துக்குள் நுழைவதாக இருந்தாலும் வேலை இருந்திருக்காது. இந்திய எண் கொண்ட வண்டிக்கு அங்கே எல்லையில் நாள் கணக்கில் பணம் கட்டி பன்சார் என்ற ரசீது வாங்கினால் போதும். இம்பாலிலிருந்து எல்லை ஊரான மோரே 110 கிலோமீட்டர். பல்லேல் தாண்டியதும் மலை ஏறுகிறது, தெங்னௌபாலில் மேகம் சாலையில் இறங்குகிறது, அசாம் ரைபிள்ஸ் சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து திறந்து மூடவேண்டியிருக்கிறது.

மோரே சுங்கத்தில்தான் புத்தகம் முதல் தடவை மேசைமேல் விரிந்தது. அதிகாரி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே வந்து வண்டிக்கு முன்னால் குந்தினார். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃப்ரேமின் கழுத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணைத் தேடினார். அசாம் புழுதியும் மலைச் சேறும் காய்ந்து அங்கே ஒரு பொருக்குக் கட்டியிருந்தது. ஈரத்துணி கேட்டார். துடைத்தார். போதவில்லை. பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எங்களில் ஒருவன் தியாகம் செய்தான். ஃபோன் வெளிச்சத்தில் அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, உள்ளேயிருந்த இளைஞர் புத்தகத்தில் விரல் வைத்து ஆமோதித்தார். மொத்தம் 17 எழுத்துகளும் எண்களும். உலகம் முழுக்க இந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகளைச் சேர்ப்பதில்லை. ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்பதற்காக. பி-க்கும் 8-க்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பன்னிரண்டாவது இடத்தில் இருவரும் நின்றுவிட்டார்கள். அவர் பி என்றார், இவர் 8 என்றார். மறுபடி துணி, மறுபடி பிரஷ். நகத்தால் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, 8 என்று ஒப்புக்கொண்டார். எஞ்சின் எண்ணுக்காகத் தரையில் படுக்கவும் செய்தார். அத்தனை சிரத்தையாக யாரும் அந்த வண்டியைப் பார்த்ததில்லை. கடையில் விற்றவர் உட்பட.

முத்திரை விழுந்தது. இனி அது இந்தியாவைவிட்டு வெளியேறிய சரக்கு.

மோரேயில் இட்லி கிடைக்கும் என்று படித்துவிட்டுத்தான் எல்லோரும் போகிறார்கள். கிடைக்கிறது. எல்லைக்கோட்டை ஒட்டியே கோபுரத்தோடு அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில் நிற்கிறது. தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கல்லாவில் இருந்த பெரியவர் எங்களிடம் தமிழ், சரக்கு இறக்கியவரிடம் மெய்தெய், வாசலில் நின்ற பெண்ணிடம் பர்மியம் என்று மூச்சு விடாமல் மாறினார். “எந்தப் பக்கம் தம்பி?” என்று கேட்டார். சென்னை என்றோம். அவருக்கு அது போதவில்லை, சொந்த ஊர் எது என்று நால்வரிடமும் தனித்தனியாகக் கேட்டு வாங்கினார். அவர் குடும்பம் பூர்வீகத்தில் ராமநாதபுரம் பக்கமாம். அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை.

இந்தத் தமிழர்கள் அங்கே வந்து சேர்ந்த கதை வழக்கமான குடியேற்றக் கதை அல்ல. 1942-இல் ஜப்பான் படையெடுத்தபோது சில லட்சம் இந்தியர்கள் பர்மாவைவிட்டு நடந்தே கிளம்பினார்கள். மோரேக்கு எதிரே பர்மியப் பக்கம் உள்ள தமு வழியாக இம்பாலுக்கு வந்த பாதை அவர்கள் நடந்த வழிகளில் ஒன்று, வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அதற்குப் பிறகும் அங்கே மிச்சமிருந்தவர்களை 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு வேறு விதமாக வெளியேற்றியது. கடைகளும் ஆலைகளும் அரசுடைமை ஆயின, பெரிய நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பல் கப்பலாகச் சென்னை வந்து இறங்கினார்கள். பர்மா பஜாரும், தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கும் பர்மா காலனிகளும், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே கிடைக்கும் அத்தோ நூடுல்ஸும் அவர்கள் கொண்டுவந்தவை. அதில் ஒரு பகுதியினருக்கு முகாம் வாழ்க்கை ஒத்துவரவில்லை. அவர்களில் பலர் பிறந்தது பர்மாவில். தமிழ்நாடு அவர்களுக்கு வெளியூர். 1960-களின் நடுவில் தரைவழியாகவே திரும்பிப் போய்விடலாம் என்று வடகிழக்கு வரை வந்தார்கள். அந்தப் பக்கம் விடவில்லை. திரும்பி இந்தப் பக்கம் வரவும் மனமில்லை. தடுத்த இடத்திலேயே கடை போட்டார்கள். எந்த வாசல் மூடியதோ அதே வாசலில் வியாபாரம் செய்து ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள்.

ஒரு பைக் திரும்பிப் போவதற்கு உறுதிமொழி எழுதி, முத்திரை குத்தி, பல நாடுகள் ஏற்றுக்கொள்ள ஓர் ஏற்பாடு 1954-இலேயே தயாராக இருந்தது. பிறந்த வீட்டுக்குத் திரும்ப நினைத்த மனிதர்களுக்கு அதற்குப் பத்து வருடம் கழித்தும் எந்தத் தாளும் இல்லை. அந்தக் கடையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறபோது டேங்க் பையில் இருக்கும் புத்தகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பாஸ்போர்ட்டோடு அந்தத் தரை வாசலில் போய்வர வழி முறைப்படி பிறந்தது 2018 ஆகஸ்ட் 8-இல். நாங்கள் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் போனோம். பாலத்தைத் தாண்டித் தமுவில் சக்கரம் வைத்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, சாலை இடமிருந்து வலத்துக்கு மாறுகிறது. மியான்மரில் 1970-இலிருந்து வலப்பக்கம்தான் ஓட்டவேண்டும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருப்பதால், முன்னால் போகும் லாரியை முந்த நினைக்கும் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது. அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

மியான்மருக்கு கார்னே தேவையில்லை. அதற்குப் பதில் முன்கூட்டியே அனுமதி, கூடவே ஒரு வழிகாட்டி, அவருக்கு ஒரு கார். ஒருவர் போனாலும் பத்துப்பேர் போனாலும் அந்தக் காருக்கு ஒரே செலவு. இந்த வழியில் பைக்குக்காரர்கள் கூட்டாகவே போனதற்கு நட்பு பாதிக் காரணம், இந்தக் கணக்கு மீதிக் காரணம். அனுமதித் தாளில் நான்கு வண்டியின் எண்களும் இருந்தன. நான்கு உள்ளே வந்தன, நான்கும் தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவதியில் வெளியே போகவேண்டும் என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லிவிட்டார். புத்தகம் வேறு, தாள் வேறு, கட்டளை ஒன்றுதான்.

தமுவிலிருந்து கலேவா வரை இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பு போட்டுக் கொடுத்து 2001-இல் திறந்த சாலை. அதில் இரண்டாம் உலகப்போர் காலத்து வழிவந்த ஒற்றைத் தடப் பெய்லி பாலங்கள் வரிசையாக வரும். இந்தியா, மியான்மர், தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலைக்காக மாற்றவேண்டியவை என்று கணக்கெடுத்த பாலங்கள் மட்டும் 69. பலகைகள் சக்கரத்துக்கடியில் தடதடக்கும்போது, தாங்குமா என்ற எண்ணம் முதல் பத்து பாலம் வரை வருகிறது, பிறகு வருவதில்லை. சின்ட்வின் ஆற்றைத் தாண்டிக் கலேவாவுக்கு அப்பால் சாலைப்பணி நடந்துகொண்டிருந்தது. சாலை என்று அங்கே இருந்தது முழங்கால் அளவுப் புழுதி, அதன் அடியில் கல். ஏற்றத்தில் முதல் கியரில் அரை கிளட்ச் பிடித்தபடி ஏறவேண்டும். வங்கிக்காரன் வண்டியில் எஞ்சின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை. கருகிய வாடை. எங்களில் மெக்கானிக்கான நண்பன் குனிந்து முகர்ந்துவிட்டு, “பிளேட் போச்சு மச்சான்” என்றான். எதையும் கழற்றிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

மியான்மர் முழுக்க ஓடுபவை 125 சிசி சீன வண்டிகள். மோன்யுவாவில் எங்களுக்குக் கிடைத்த மெக்கானிக் கைகாரர். கிளட்சைத் திறந்து, எரிந்த பிளேட்டுகளை வரிசையாகத் தரையில் அடுக்கி, தன்னிடம் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மேலே வைத்துப் பார்த்தார். விட்டம் சேரவில்லை. சாதாரணமாக என்றால் வண்டியை ஒரு கொட்டகையில் போட்டுவிட்டு, பொருள் வரவழைத்து, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். இங்கே அனுமதியின் நாள் ஓடிக்கொண்டிருந்தது. விற்க முடியாது. விட்டுவிட்டுப் போக முடியாது. எரிந்தே போனாலும் எலும்புக்கூட்டைக் காட்டிக் காகிதம் வாங்காமல் வர முடியாது. ஒரு சிறிய லாரி பிடித்தோம். மிச்சமிருந்த மியான்மர் முழுவதையும் அந்த வண்டி படுத்தபடி பார்த்தது. அதன் சொந்தக்காரன் வழிகாட்டியின் காரில் பின்சீட்டில் அமர்ந்து பாகனையும் மண்டலேயையும் கடந்தான். அந்த ஏசி எங்களுக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசிக் கட்டம் காகரேய்க்கிலிருந்து மியாவதி. 2015-இல் புதுச் சாலை திறக்கும் வரை அந்த மலைப்பாதையில் ஒருநாள் போக, ஒருநாள் வர என்று முறை வைத்து வண்டி விட்டார்களாம். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மியாவதிக்கும் தாய்லாந்தின் மேசாட்டுக்கும் நடுவே மோய் ஆறு. அதன்மேல் 1997-இல் திறந்த, 420 மீட்டர் நட்புறவுப் பாலம். லாரி அந்தப் பக்கம் வரமுடியாது. வண்டியை இறக்கினோம். மியான்மர் கவுன்டரில் எண் சரிபார்த்தார்கள். ஓடவில்லை என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. எண் வெளியே போகிறது, அவ்வளவுதான் தேவை. நாங்கள் மூவரும் எங்கள் வண்டிகளை முதலில் அக்கரையில் நிறுத்திவிட்டு நடந்து திரும்பி வரலாம் என்றால், முத்திரை விழுந்த ஆள் திரும்பி நடக்கக்கூடாது. ஆகவே எங்களில் ஆசிரியரான நண்பன் தன் பைக்கின் கேரியரில் கயிறு கட்டி மெதுவாக இழுக்க, சொந்தக்காரன் செத்த வண்டியின்மேல் உட்கார்ந்து ஹேண்டில் பிடிக்க, நானும் மெக்கானிக் நண்பனும் பின்னால் ஊர்ந்தோம். தலையில் மூட்டையோடு எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாலத்தில் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறவேண்டும். தாய்லாந்து நம்மைப் போல இடப்பக்கம். கயிறு இரண்டு வண்டிகளுக்கு நடுவே குறுக்கே கிடக்க, ஒரு பள்ளிக்கூட வேன் ஹார்ன் அடிக்காமல் பொறுமையாக நின்றது. அக்கரையில் கடிகாரம் இன்னும் அரை மணி முன்னால் போனது.

தாய்லாந்திலும் புத்தகம் பையைவிட்டு வெளியே வரவில்லை. அங்கே 2016 முதல் வெளிநாட்டு வண்டிக்கு முன் அனுமதி வேண்டும்; எல்லையில் காப்பீடு எடுக்கவேண்டும்; சுங்கம் அச்சடித்துத் தரும் தற்காலிக இறக்குமதித் தாளில் ஓட்டுபவரே கையெழுத்துப் போடவேண்டும், காலம் கடந்தால் அபராதம். மேசாட்டில் ஒரு தங்கும் விடுதியின் வாசலில், பாங்காக்கிலிருந்து பேருந்துப் பார்சலில் வந்த கிளட்ச் பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைத்து மாற்றினோம். அதற்குப் பிறகு மலேசிய எல்லைவரை சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. சாலை நன்றாக இருந்தது, சாப்பாடு அதைவிட நன்றாக இருந்தது.

புக்கிட் காயு ஹித்தாமில் புத்தகத்துக்குக் கடைசியில் அதன் தொழில் கிடைத்தது. மலேசியச் சுங்க அதிகாரி அதை வாங்கித் தாளை நீவி, மூன்று பகுதியிலும் முத்திரை குத்தவேண்டிய இடங்களில் குத்தி, இரும்பு அளவுகோலைத் துளைவரிசையின்மேல் அழுத்திக் கீழ்ப்பகுதியைக் கிழித்தார். நேராக வந்தது. இதைப் பல தடவை செய்த கை. அந்தத் துண்டு ஒரு கோப்புக்குள் போனது. அந்த நிமிடத்திலிருந்து மாம்பலத்து டெபாசிட்டின் எதிர்காலம் மலேசியாவில் ஒரு இழுப்பறையில் இருந்தது.

கிள்ளான் துறைமுகத்தில் நான்கு வண்டிகளையும் மரச்சட்டத்தில் கட்டி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, ஒரே கன்டெய்னரில் ஏற்றினோம். கப்பல் கிளம்பும் அவசரத்தில் பலர் இங்கேதான் கோட்டைவிடுவார்கள். சரக்கு போய்விடும், வெளியேறும் முத்திரை விழாது. அடிக்கட்டையில் வண்டி என்றென்றும் மலேசியாவில் நிற்கும். கன்டெய்னருக்குச் சீல் வைப்பதற்கு முன் நடுப்பகுதி கிழிவதை நேரில் பார்த்துவிட்டுத்தான் விமான டிக்கெட் எடுத்தோம்.

அந்தக் கடல்வழி புதியதல்ல. பர்மா தரைவழியை மூடி வைத்திருந்த பல பத்தாண்டுகள், உலகைத் தரையில் சுற்ற நினைத்த எல்லோருக்கும் பூமியில் அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. சாலை சென்னையில் முடிந்து பினாங்கில் மறுபடி தொடங்கும். 1973-இல் லண்டனிலிருந்து டிரையம்ப் வண்டியில் கிளம்பி நான்கு வருடம் 45 நாடுகள் சுற்றிய டெட் சைமனும் பினாங்கிலிருந்து சென்னைக்குக் கப்பலில்தான் வந்தார். அந்த வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணிக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. பிறகு 2018-இல் திறந்த தரைவழியும் மூன்று வருடம்கூட முழுதாக நிலைக்கவில்லை. பெருந்தொற்று, 2021 பிப்ரவரியில் மியான்மர் ராணுவப் புரட்சி, 2023 மே மாதத்திலிருந்து மணிப்பூர் கலவரம். மோரேயிலும் வீடுகள் எரிந்தன. இன்று தென்கிழக்கு ஆசியாவுக்கு வண்டியோடு போகிறவர்கள் மறுபடியும் கன்டெய்னர் விலை விசாரிக்கிறார்கள்.

சென்னையில் பெட்டி திறந்ததும் மறுபடி அதே சடங்கு: கழுத்தைத் துடை, எண்ணைப் படி. இந்தத் தடவை பி என்றும் 8 என்றும் சச்சரவு வரவில்லை, மோரேயில் தேய்த்த தேய்ப்பில் அந்த இடம் பளிச்சென்று இருந்தது. வண்டி வீடு சேர்ந்ததற்கு முத்திரை விழுந்தது. புத்தகம் மும்பைக்குத் தபாலில் போனது. போனது போனதுதான், முத்திரை வாங்கி முடித்த கார்னேயைச் சங்கம் திருப்பித் தராது, கோப்பில் வைத்துக்கொள்ளும். நண்பன் எல்லாத் தாள்களையும் நகல் எடுத்து வைத்திருக்கிறான். நகலில் முத்திரையின் ஊதா கறுப்பாகத் தெரிகிறது என்று அவனுக்குக் குறை.

சில வாரம் கழித்து உத்தரவாதம் ரத்தானதாகக் கடிதம் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, டெபாசிட் மேலிருந்த பிடிமானத்தை எடுத்து, ரசீதோடு அப்பாவிடம் நீட்டினான். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு பக்கமும் படித்தார். பிறகு ரசீதைத் திருப்பினார்.

“முதிர்வுத் தேதி போன மாசமே தாண்டிடுச்சேடா. புதுப்பிக்கச் சொன்னியா?”

வங்கிக்காரன் சொல்லியிருக்கவில்லை.